போர்ட் விளக்கு பச்சை, நெட் மட்டும் நகரவில்லை: ஸ்விட்ச்சில் ஸ்பீடு, டூப்ளெக்ஸ் அமைக்கும் முறை

எங்கள் ஆபீஸுக்கு 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (எங்களுக்கென்றே தனியாக எடுத்த இன்டர்நெட் இணைப்பு) வந்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. போர்ட்டில் பச்சை விளக்கு. பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) அடித்தால் 3 மில்லி செகண்டில் பதில், ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் ஒரு பிடிஎஃப் இறக்க ஆரம்பித்தால் கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி நகரும். மூன்று நாள் அல்லாடினேன். கேபிளை மாற்றினேன், ஃபயர்வாலைத் திட்டினேன். கோளாறு இருந்ததோ ஆபீஸ் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்ச்சில், லைன் செருகியிருந்த 24-ஆம் போர்ட்டில். இரண்டு வரியில் தீர்ந்துவிட்டது.

என்னுடையது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

கன்சோலில் நுழையுங்கள்

எந்தப் போர்ட் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்களோ, அதன் ஸ்பீடையே மாற்றினால் வெளியே தள்ளப்படலாம். அதனால் ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேச உதவும் அந்த வெளிர்நீலக் கன்சோல் கேபிளையே பயன்படுத்துங்கள். மென்பொருளுக்கு எனக்குப் புட்டி (PuTTY) போதும். 9600 ஸ்பீடு, 8 டேட்டா பிட், பாரிட்டி கிடையாது, 1 ஸ்டாப் பிட். புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோல் வேறு மாதிரி வைத்திருக்கும், அதை 'நன்' (None) என்று மாற்றுங்கள். கன்சோல் கேபிளை லேப்டாப்பில் செருக யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கினால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விலை மலிவு என்று ஒன்றை வாங்கி, டிரைவர் தேடியே ஒரு மதியம் போனது எனக்கு.

மாற்றுவதற்கு முன் பாருங்கள்

எனேபிள்
ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்

24-ஆம் போர்ட்டுக்கு நேரே 'ஏ-ஹாஃப்', 'ஏ-100' என்று இருந்தது. முன்னால் இருக்கும் 'ஏ', ஸ்விட்ச் தானாக முடிவு செய்தது என்பதற்கான அடையாளம். 100 என்பது எம்பிபிஎஸ் கணக்கில் ஸ்பீடு. மற்றது டூப்ளெக்ஸ்: ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிந்தால் ஃபுல், மாறி மாறித்தான் முடியும் என்றால் ஹாஃப். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். 100 என்பதைப் பார்த்துத் திருப்தியாகி, பக்கத்தில் இருந்த 'ஹாஃப்' கண்ணில் படாமலே கடந்துவிட்டேன்.

ஹாஃப் எப்படி வந்தது? லைன் போட வந்த டெக்னீஷியன் தங்கள் பெட்டியில் 100, ஃபுல் என்று நிலையாக வைத்துவிட்டுப் போயிருந்தார். என் பக்கம் ஆட்டோ, அதாவது எதிர்ப்பக்கத்தோடு பேசி ஸ்பீடையும் டூப்ளெக்ஸையும் தானே முடிவு செய்வது. நிலையாக வைத்த போர்ட், எதிர்ப்பக்கத்தோடு பேரம் பேசாது. வரும் சிக்னலை வைத்து என் ஸ்விட்ச் 100 என்பதைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படித் தெரியாத நிலையில் ஹாஃப் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஈதர்நெட் விதி. எதிர்ப்பக்கம் தன் பாட்டுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும், வாங்கும். என் பக்கமோ, தான் அனுப்பும்போது எதிரே ஏதாவது வந்தால் மோதல் என்று நினைத்து நிறுத்திவிடும்.

பிங் தப்பித்ததற்கும் இதுதான் காரணம். ஒன்று போய், ஒன்று திரும்பி வருகிறது. மோத ஆளில்லை. டவுன்லோடில் பாக்கெட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருக்க, கிடைத்தது என்ற பதிலும் இந்தப் பக்கமிருந்து போய்க்கொண்டிருக்கும். மோதல் அங்கேதான். பிங் சரியாக இருக்கிறது, லைனில் பழுதில்லை என்று யாராவது சொன்னால் இனி நம்ப மாட்டேன்.

உறுதி செய்ய:

ஷோ இன்டர்ஃபேசஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/24

கடைசி வரிகளில் 'லேட் கொலிஷன்' (தாமதமாகத் தெரியவரும் மோதல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் இதே நோய்தான். ஃபுல் வைத்திருக்கும் எதிர்ப்பக்கத்தில் இது சிஆர்சி பிழைகளாக, அதாவது சிதைந்து வந்த பாக்கெட்டுகளாகத் தெரியும்.

அமைப்பது

கான்ஃபிகர் டெர்மினல்
இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/24
டிஸ்கிரிப்ஷன் லீஸ்டு லைன்
ஸ்பீடு 100
டூப்ளெக்ஸ் ஃபுல்
எண்ட்

ஸ்பீடை முதலில் போடுங்கள், டூப்ளெக்ஸ் அப்புறம். டிஸ்கிரிப்ஷன் வரியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து 24-இல் என்ன செருகியிருக்கிறது என்று ரேக்குக்குள் டார்ச் அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

பிறகு 'கிளியர் கவுண்டர்ஸ்' கொடுத்துப் பழைய எண்ணிக்கையை அழித்துவிட்டு, பெரிய ஃபைல் ஒன்றை இறக்கிப் பாருங்கள். லேட் கொலிஷன் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். நின்றால் 'ரைட் மெமரி'. இதை மறந்தால் அடுத்த கரண்ட் கட்டில் பழைய கதை திரும்பிவிடும்.

என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் ஆட்டோ இருப்பதே நல்லது. நிலையாக வைப்பது பழைய காலத்துப் பழக்கம். ஆனால் லைன் தருபவரின் பெட்டியில் நாம் கைவைக்க முடியாது. அவரிடம் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டு, அதையே இந்தப் பக்கமும் வையுங்கள்.

சேர்த்தது 1: ஃபுல் என்று வைத்தவுடன் விளக்கே அணைந்துவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஸ்பீடும் டூப்ளெக்ஸும் ஆட்டோவில் இருந்தால்தான் நேர்க்கேபிளா, கிராஸ் கேபிளா (அனுப்பும், வாங்கும் கம்பிகள் இடம் மாறியதா) என்று ஸ்விட்ச் தானே பார்த்துச் சரிசெய்யும். நிலையாக வைத்ததும் அந்த வசதி போய்விடலாம். கிராஸ்ஓவர் கேபிள் போட்டதும் அவருக்கு விளக்கு வந்துவிட்டது.

சேர்த்தது 2: கன்சோல் கேபிள் இல்லை, தூரத்திலிருந்துதான் மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு: எதையும் தொடுவதற்கு முன் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். சேமிக்காத மாற்றம் ஏற்கெனவே இருந்தால் சேமிக்கவா என்று கேட்கும். அது வேண்டியதுதானா என்று பார்த்து முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வேலையின் நடுவே இணைப்பு அறுந்தாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் மறுபடி எழுந்து, கடைசியாகச் சேமித்த அமைப்போடு வரும். எல்லாம் சரியாகிவிட்டால் 'ரீலோட் கேன்சல்' கொடுக்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்தேன். மேலே அக்கவுண்ட்ஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

சேர்த்தது 3: காப்பர் கிகாபிட் போர்ட் பற்றி நிறையப் பேர் கேட்டதால்: 1000 ஸ்பீடுக்குத் தானியங்கிப் பேச்சுவார்த்தை கட்டாயம். அதை அப்படியே ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.