மெமரி மேப்பிங் பேட்ச் ரிவியூ செய்யேக்க விடுற பிழையள்

கிளிநொச்சி அறிவியல்நகரில படிக்கிற தம்பி ஒருத்தன் வேற ஒராள் கேவிஎம்முக்கு (லினக்ஸில வேர்ச்சுவல் மெஷின் ஓட்டுற பகுதி) எண்டு எழுதின ஒரு மெமரி மேப்பிங் பேட்சைக் (கோட் மாற்றத்தை) காட்டி "அண்ணை, பெஞ்ச்மார்க் நல்லா வந்திருக்கு, ஓகே சொல்லட்டோ" எண்டான். முதல் பிழையே அதுதான். வேகம் எவ்வளவு கூடினது எண்டு எழுதினவரே சொல்லிப்போடுவார், நாங்கள் பாக்கவேண்டியது மேப்பிங்கை, அதாவது கெஸ்ட்டின்ர (உள்ள ஓடுற வேர்ச்சுவல் மெஷின்ர) பேஜ் ஹோஸ்ட்டின்ர (அதை ஓட்டுற மெஷின்ர) எந்த மெமரியில எண்ட தொடுப்பை, போடுற இடத்தை இல்லை, கழட்டி எடுக்கிற இடத்தை.

எங்கட பக்கம் பேமிட் (அரச அனுமதிப்பத்திர) காணிப் பிரச்சினை தெரியும்தானே, ஒராளின்ர பேமிட்டை ரத்துச் செய்து மற்றாளுக்குக் குடுத்தாச்சு, ஆனா பழைய ஆள் போட்டோக்கொப்பியோட வந்து வேலி அடைச்சுக்கொண்டு நிக்கிறார். டிஎல்பி, அதாவது பேஜ் டேபிள்ல பாத்ததைச் சிபியு தனக்குள்ள வைச்சிருக்கிற கேஷ், அந்தப் போட்டோக்கொப்பிதான். பேஜ் டேபிள்ல (எந்தப் பேஜ் எங்க எண்ட பதிவில) என்ட்ரியை அழிச்சாலும் வேற கோர்ல ஓடுற விசிபியுவிட்ட (கெஸ்ட்டின்ர வேர்ச்சுவல் சிபியுவிட்ட) பழசு கிடக்கும், அதை அழிக்கிற ஃபிளஷ் முடியமுன்னம் ஹோஸ்ட் அந்தப் பேஜை வேற ஆருக்கும் குடுத்தா கெஸ்ட் மற்றாளின்ர மெமரியில எழுதும். அதால "ஃபிளஷைச் சேத்துக் கடைசியில ஒருக்காச் செய்யிறன்" எண்டு கண்டா அங்கயே நில்லுங்கோ. இடையில கோட் லொக்கை (ஒரு நேரம் ஒராள் மட்டும் டேபிளை மாத்த விடுற பூட்டை) விடுதோ, அந்த நேரம் எம்எம்யு நோட்டிஃபையர் (பேஜை எடுக்கப்போறன் எண்டு ஹோஸ்ட் கேவிஎம்முக்குச் சொல்ற அறிவிப்பு) வந்தா என்ன நடக்கும் எண்டு கொப்பியில கீறிப் பாருங்கோ. நான் ஒருக்காக் கீறாமல் ஓகே சொல்லிப்போட்டு, லோட் கூடினா மட்டும் வாற பக் ஒண்டைத் தேடி ரெண்டு கிழமை அலைஞ்சனான்.

இன்னொண்டு, பேஜ் ஃபோல்ட் (கெஸ்ட் தொட்ட பேஜுக்கு மேப்பிங் இல்லை எண்ட நிலை) வரேக்க ஹோஸ்ட்டிட்ட எந்தப் பேஜ் எண்டு லொக் இல்லாமல் கேக்கிறது, பிறகு லொக் எடுத்து அந்தப் பதில் இன்னும் சரியோ எண்டு, நோட்டிஃபையர் வந்தா மாறுற சீக்குவன்ஸ் நம்பரைத் திரும்பப் பாக்கிறது. அந்த வரியை "தேவையில்லாத வேலை" எண்டு வெட்டுவினம். விடாதேங்கோ!

ஹியூஜ் பேஜ் (4 கேபிக்குப் பதிலா 2 எம்பியா ஒரேயடியா மேப் செய்யிறது) ஆசை விளங்குது, கெஸ்ட்டிலயும் ஹோஸ்ட்டிலயும் பேஜ் டேபிள் நாலு நாலு லெவல் எண்டா ஒரு டிஎல்பி மிஸ்ஸுக்கு (டிஎல்பியில இல்லாமல் போறதுக்கு) 24 தரம் வரைக்கும் மெமரியைத் தொடவேண்டி வரும். ஆனா லைவ் மைகிரேஷன் (ஓடுற கெஸ்ட்டை நிப்பாட்டாமல் வேற மெஷினுக்கு மாத்திறது) நேரம் 2 எம்பி பேஜை உடைக்காமல் எழுத விட்டா, முதல் எழுத்துக்கு ஒரு 4 கேபி மட்டும் டேர்ட்டி (மாறினது, திரும்ப அனுப்பவேணும்) எண்டு பதிஞ்சு மிச்சம் 511லயும் எழுதினது பதியாமலே போகும், போய்ச் சேர்ந்த மெஷினில பழைய டேட்டாதான் இருக்கும்.

கெஸ்ட் பூட் ஆனதை டெஸ்ட் எண்டு எடுக்காதேங்கோ. ஹோஸ்ட்டில ஸ்வொப் (பேஜை டிஸ்குக்குத் தள்ளுறது) அடிக்கவிட்டு, அதோடயே மைகிரேஷனும் ஓடவிட்ட ரிசல்ட்டைக் கேளுங்கோ. தம்பி கேட்டவன், பேட்ச்காரர் இன்னும் மறுமொழி தரேல்லை.