அணை நிரம்பியது, வயல் காய்ந்தது: குமரியின் தண்ணீர்க் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டப் பதிப்பு நாளிதழ்களில் ஒரு மூலையில் அணை நிலவரம் வரும். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18, பொய்கை 42.65, மாம்பழத்துறையாறு 54.12, முக்கடல் 25. இதெல்லாம் முழு மட்டம். பக்கத்தில் அன்றைய மட்டம். டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, "பெருஞ்சாணி எழுபது தாண்டியாச்சு, இந்தப் பூவுக்குக் கவலை இல்லை" என்று ஒருவர் தீர்ப்பு சொல்வார் (பூ என்றால் இங்கே நெல் சாகுபடிப் பருவம்). மற்றவர்களும் தலையாட்டுவார்கள். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த அடிக்கணக்கு. அணை என்பது நேராக நிற்கும் தொட்டி இல்லை. மலையிடுக்கு கீழே குறுகி, மேலே அகன்றிருக்கும். அதனால் அடியில் உள்ள பத்து அடியில் இருக்கும் தண்ணீரும் மேலே உள்ள பத்து அடியில் இருக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. பாதி மட்டம் என்றால் பாதித் தண்ணீர் என்று நினைத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். பாதியைவிட ரொம்பக் குறைவாகவே இருக்கும். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணைக்குக் கோடையில் 'மைனஸ்' என்று போடுவார்கள். தண்ணீர் எப்படி மைனஸ் ஆகும் என்று சிரிப்பவர்கள் உண்டு. அளவுகோலின் பூஜ்யம் அணையின் தரையில் இல்லை, அவ்வளவுதான். அதற்குக் கீழேயும் தண்ணீர் கிடக்கும்.

அப்புறம் கன அடி. 'வரத்து 500 கன அடி' என்றால் ஒரு விநாடிக்கு 500. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக, ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு ஏக்கரில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். காகிதத்தில்! வழியில் கசிந்தது, ஆவியானது, மேலே உள்ளவர் மோட்டார் வைத்து உறிஞ்சியது எல்லாம் இதில் கழியும்.

அந்த 'வழி'யைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கோதையாற்றின் தண்ணீர் பேச்சிப்பாறையிலிருந்து நேராக யார் வயலுக்கும் வருவதில்லை. தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் என்று கால்வாய்களாகப் பிரிந்து, குளம் குளமாக நிரம்பி, மறுகால் (குளம் நிரம்பி வழியும் இடம்) பாய்ந்து, மடை திறந்து வர வேண்டும். பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-ல். ஆற்றைச் சானலுக்குத் திருப்பிவிடும் பாண்டியன் அணையும் புத்தன் அணையும் அதற்கு முந்தியவை. அதாவது இங்கே தண்ணீரைத் திருப்பும் வழி முதலில் வந்தது, தேக்கும் அணை பிறகுதான் வந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு, 115 அடி உயரத்தில் பக்கத்தில் இருக்கும் அந்தத் தொட்டி பட்டணங்கால் சானல் என்பது தெரியாது. மலையிலிருந்து மலைக்குத் தண்ணீரைக் கடத்த அவ்வளவு பாடுபட்டார்கள். நாம் ஒரு லோடு மண்ணில் அதை நிறுத்திவிடுகிறோம்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பத்துக்காட்டில், அதாவது நெல்வயல் பரப்பில், வயலுக்கு வயல்தான் பாய்ச்சல். மேல்வயல் நிரம்பி, வரப்பில் வெட்டிய வாமடை வழியாகக் கீழ்வயலுக்கு வரும். தனி வாய்க்கால் கிடையாது. நடுவில் ஒரு வயலை விற்றார்கள். வாங்கியவர் வெளியூர்க்காரர், வரப்பு உயரத்துக்கு மேல் இரண்டடி செம்மண் அடித்தார். அவர் மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது, யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கும்பப்பூவில் (ஆண்டின் இரண்டாவது நெல் பருவத்தில்) கீழே இருந்த வயல்களில் ஐப்பசி மழை நின்றதும் பொருக்கு வெடித்தது. மேலே இருந்த வயலிலோ தண்ணீர் வடிய வழியில்லாமல் நாற்று அழுகியது. அணையில் அப்போது தண்ணீருக்குக் குறைவே இல்லை.

"தண்ணி வந்துட்டா பாட்டா?" என்று கீழ்வயல்காரரிடம் கேட்டேன். மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, "பேப்பர்ல வந்துட்டு மக்கா" என்றார்.

நிலம் வாங்குகிறவர்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கிறார்கள், நில அளவைப் புலப்படத்தைப் பார்ப்பதில்லை. அதில் வாய்க்கால் புறம்போக்கு கோடாக இருக்கும். நேரில் போனால் அது புதராகவோ பக்கத்து வீட்டு மதிலாகவோ இருக்கும். வேனலில் போய்ப் பார்த்து முடிவெடுக்காமல் ஐப்பசியில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள், தண்ணீர் எந்த வழியாக வர ஆசைப்படுகிறது என்று அதுவே காட்டும்.

"சானல் என் நிலத்தை ஒட்டித்தான் போகிறது, எனக்கு இல்லாத உரிமையா?" என்பது அடுத்த தவறு. சானலின் தொடக்கத்தில், தலைமடையில் இருப்பதால் கூடுதல் பங்கு கிடையாது. பொதுச் சானலின் தண்ணீர் அரசுடையது; பாசனப் பரப்பில் சேர்ந்த நிலத்துக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை உண்டு, உடைமை இல்லை. மோட்டார் வைத்து எடுப்பதும், ஷட்டரின் கீழே கல்லைச் செருகுவதும் சானலின் கடைசியில் இருக்கும் கடைவரம்புக்காரரின் பங்கைக் கேட்காமல் எடுப்பதுதான். தோவாளை சானலின் தொடர்ச்சி மாவட்டம் தாண்டி ராதாபுரம் வரை போக வேண்டியிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் கேரளம் 2004-ல் தண்ணீரை நிறுத்தியபோது விளவங்கோட்டுக்காரர்கள் பட்ட பாட்டைப் பேசுகிற நாம், நம் சானலில் கடைவரம்புக்கு அதையே செய்கிறோம்.

'ஆறு வீணாகக் கடலில் கலக்கிறது' என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும், மணக்குடியில் பழையாறும் கடலைத் தள்ளிக்கொண்டு நிற்பது அந்த 'வீண்' தண்ணீரால்தான். ஓட்டம் குறைந்தால் கடல் உள்ளே ஏறும், கிணறு உவர்க்கும். பரக்காணியில் தடுப்பணை கட்டியதே அதற்காகத்தான்.

குளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டத்தில் குளங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். நிரம்பிய குளம் அழகுதான், தாமரை பூத்தால் இன்னும் அழகு. ஆனால் வண்டல் ஏறிய குளம் மேலோட்டமாகத்தான் நிரம்பும். மாசி வருமுன்னே வற்றிவிடும். மறுகாலை மணல் மூட்டையால் உயர்த்தி 'கூடுதல் தண்ணீர்' பிடிப்பவர்கள், பெருமழையில் கரை உடைந்தால் முதலில் முங்குவது தங்கள் வயல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். (மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் தண்ணீரையே 'வெள்ளம்' என்பார்கள். 'வெள்ளம் வருது' என்று அங்கே யாராவது சொன்னால் குடத்தை எடுப்பதா ஓடுவதா என்று கிழக்கே உள்ளவர் ஒரு நிமிடம் குழம்புவார்.)

கடைசியாக, மனு. "எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். எந்தச் சானல், எந்த மடை, எந்தச் சர்வே எண்ணில் அடைப்பு, எந்தத் தேதியில் பார்த்தது, புகைப்படம் இவ்வளவும் வேண்டும். அந்தக் குளமோ சானலோ நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்தினுடையதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தாருக்கும் ஒரு நகல் போகட்டும். குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. காலமும் முக்கியம். வழக்கமாக ஜூன் முதல் தேதி அணை திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். தூர் வாருவதும் ஷட்டர் மாற்றுவதும் சானல் காய்ந்து கிடக்கும் அந்த மூன்று மாதத்தில்தான் நடக்கும். ஜூலையில் மனு கொடுத்தால், "தண்ணி ஓடுதே, இப்ப எப்படி இறங்க?" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். மார்ச்சில் கொடுங்கள்.