மெல்பேர்ன் இத்தாலியரின் பூர்வீகத்தைக் கொழும்பிலிருந்தே தேடுவது எப்படி

நம் குடும்பங்களில் இத்தாலிய வம்சாவளி மாப்பிள்ளைகள் வரத் தொடங்கிக் கொஞ்சக் காலமாகிவிட்டது. மெல்பேர்னில் இருக்கும் பெறாமகள் ஒரு ருசோவையோ ரோசியையோ கட்டப்போகிறாள் என்று செய்தி வரும், வெள்ளவத்தையில் இருக்கும் சித்திமார் உடனே "எந்த ஊர் ஆக்கள்?" என்று கேட்பார்கள், மாப்பிள்ளையைக் கேட்டால் "தாத்தா சிசிலி" என்பதற்கு மேல் அவருக்கே ஒன்றும் தெரியாது. கடைசியில் கணினியில் தட்டத் தெரிந்த ஒருவர் தலையில் இந்த வேலை விழும். அது நீங்கள் என்றால் தொடர்ந்து வாசியுங்கள். பல்கலைக்கழக ஒப்படைக்காக அவுஸ்திரேலிய இத்தாலியர் பற்றித் தேடுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

முதலில் ஒன்று. சித்தி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. இத்தாலி ஒரே நாடானதே 1861இல்தான். அதற்குப் பிறகும் புறப்பட்டுப் போனவர்கள் நாட்டுக்காரராகப் போகவில்லை, ஊர்க்காரராகத்தான் போனார்கள். ஒருவன் போய் வேலை பிடிப்பான், தம்பியைக் கூப்பிடுவான், தம்பி மச்சானைக் கூப்பிடுவான். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகத்து இத்தாலிய மீனவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டே ஊர்: பூலியா மாநிலத்து மொல்ஃபெத்தா, சிசிலியின் காப்போ தொர்லாந்தோ. மொல்ஃபெத்தாக்காரர் தங்கள் ஊர் மாதாவை இன்றும் ஒக்டோபரில் ஃபிரிமாண்டில் தெருக்களில் சுற்றிக் கொண்டுபோய்ப் படகுகளை ஆசீர்வதிக்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம் ஊர்ச் சங்கங்கள் நடக்கிற விதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊர் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இத்தாலியில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் ஊர்ச்சபை வாரியாகத்தான் இருக்கின்றன. ஊர்ப் பெயர் இல்லாமல் இத்தாலியப் பதிவுகளுக்குள் நுழைந்தால் நாள் முழுக்கத் தேடினாலும் வெறுங்கைதான்.

ஊர்ப் பெயரை இத்தாலியில் தேடாதீர்கள், அவுஸ்திரேலியாவில் தேடுங்கள். அவுஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் 'ரெக்கோர்ட்சேர்ச்' என்ற தேடுதளம் இருக்கிறது, காசு தேவையில்லை. குடும்பப் பெயரைக் கொடுத்தால் கோப்புகளின் தலைப்புகள் வரிசையாக வரும். ஐம்பதுகளில் வந்த பலருக்குத் தலைப்பிலேயே பெயர், பிறந்த திகதி, எந்த நாட்டவர், எந்தக் கப்பல், எப்போது வந்தார் என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஊர்ப் பெயர் பொதுவாகக் கோப்புக்குள்ளேதான் கிடைக்கும். ஸ்கேன் செய்திருந்தால் அங்கேயே பார்க்கலாம், இல்லாவிட்டால் கட்டணம் கட்டிப் பிரதி கேட்கலாம். குடியுரிமைக் கோப்பு ஒன்று அகப்பட்டால் அதை முதலில் எடுங்கள்.

பெயரில் கவனம் வேண்டும். ஜுசெப்பே அங்கே ஜோவாகியிருப்பார், இரண்டையும் போட்டுப் பாருங்கள். பெண்களைக் கணவன் பெயரில் மட்டும் தேடிவிட்டு "ஆள் இல்லை" என்று விடாதீர்கள், இத்தாலியப் பதிவுகளில் பெண் சாகும்வரை தகப்பன் வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் இருப்பாள். கப்பல் பட்டியலிலும் அந்தப் பெயரில் இருக்கலாம்.

தாத்தா பாட்டியின் திருமணத் திகதி பாட்டியின் பயணத் திகதிக்கு முன்னால் இருக்கிறது, ஆனால் தாத்தா அந்த நேரம் அவுஸ்திரேலியாவில் இருந்திருக்கிறார் என்றால் குழம்ப வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் பதிலாள் வைத்துக் கலியாணம் கட்டுவது சாதாரணம். ஊர்த் தேவாலயத்தில் மாப்பிள்ளையின் இடத்தில் அண்ணனோ மாமனாரோ நிற்பார், பெண் தாலி கட்டாத குறையாக மனைவியாகிக் கப்பலேறுவாள். போட்டோ மட்டும் பார்த்துக் கனடாவுக்குப் பெண் அனுப்பிய நமக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது.

அடுத்து, எந்த அலையில் வந்தவர்கள் என்று பாருங்கள், தேட வேண்டிய இடம் அதைப் பொறுத்து மாறும். 1891இல் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குச் சில நூறு பேர் கொண்டுவரப்பட்டார்கள், பசிபிக் தீவுத் தொழிலாளரின் இடத்தை நிரப்ப. 1924இல் அமெரிக்கா கதவைச் சாத்தியதும் இன்னொரு கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. பெரிய அலை என்றால் 1951இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உதவிப் பயண ஒப்பந்தத்தை ஒட்டியதுதான்: 1947 குடிசன மதிப்பீட்டில் இத்தாலியில் பிறந்தவர்கள் சுமார் 33 ஆயிரம், 1971இல் சுமார் 2 இலட்சத்து 89 ஆயிரம். இவர்களில் பலர் புதிதாக வந்தவர்களை முதலில் தங்கவைத்த பொனெகில்லா முகாம் வழியாக வந்தவர்கள், அந்த முகாமின் அட்டைகளும் அதே காப்பகத்தில் இருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு சிறு கூட்டத்தின் கதை எனக்கு மிகப் பிடிக்கும். பிடிக்கும் என்று சொல்வது சரியில்லைதான், பாவப்பட்ட சனம். மார்க்கி த ரே என்ற பிரெஞ்சுப் பிரபு, நியூ கினிக்குப் பக்கத்தில் நியூ அயர்லாந்து என்ற தீவில் செழிப்பான குடியேற்றம் இருக்கிறது, காணி தருகிறேன், வீடு தருகிறேன் என்று விளம்பரம் போட்டார். வெனெத்தோ பக்கத்து விவசாயக் குடும்பங்கள் இருந்ததை விற்றுக் கொடுத்துவிட்டு 1880இல் 'இந்தியா' என்ற கப்பலில் ஏறின. போய் இறங்கினால் காடும் காய்ச்சலும்தான். பலர் செத்தார்கள், மிஞ்சியவர்கள் 1881இல் சிட்னிக்கு வந்து சேர்ந்தார்கள். அரசாங்கம் அவர்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வேலைக்கு அனுப்பியது, ஆனால் அடுத்த வருடமே சிலர் நியூ சவுத் வேல்ஸின் வடக்கில் யாரும் விரும்பாத ஒரு நிலத்தை எடுத்துத் திரும்ப ஒன்றுகூடினார்கள். அந்த இடத்துக்கு 'நியூ இத்தாலி' என்று பெயர், இன்று அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பிரபுவுக்குப் பிரான்சில் சிறைத்தண்டனை கிடைத்தது. ஏஜென்சிக்குக் காசு கட்டி ஏமாந்த கதை கொழும்பில் எந்த ஒழுங்கையிலும் கேட்கலாம், 140 வருடத்துக்கு முந்திய இதுவும் அதே கதைதான்.

போர்க்காலப் பதிவு ஒன்று கிடைத்தால் ஆள் யார் என்று நிதானமாகப் பாருங்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அவுஸ்திரேலியாவிலேயே வாழ்ந்த இத்தாலியர் சுமார் 4,700 பேர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அது ஒரு கூட்டம். வட ஆபிரிக்காவிலும் அந்தப் பக்கங்களிலும் பிடிபட்டு, பெரும்பாலும் இந்திய முகாம்கள் வழியாகக் கொண்டுவரப்பட்ட போர்க்கைதிகள் சுமார் 18 ஆயிரம் பேர், அது வேறு. முன்னவர் தோட்டக்காரர், கடைக்காரர். பின்னவர் சிப்பாய்கள், பண்ணைகளில் வேலை செய்துவிட்டுப் போர் முடிந்ததும் ஊர் போனவர்கள், பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. குடும்பங்களுக்குள்ளேயே இந்த இரண்டும் கலந்து சொல்லப்படும், அதுவும் தடுப்பு முகாம் கதையைப் பழைய ஆட்கள் வாயைத் திறந்து சொல்வது அபூர்வம். அந்தக் கோப்பை மேசையில் வைத்துக் கலியாண வீட்டில் பேச்சைத் தொடங்காதீர்கள்.

இனிக் கொழும்பு. ஐம்பதுகளில் லொய்ட் திரியெஸ்தீனோ கம்பனியின் 'அவுஸ்திரேலியா', 'ஓசியானியா', 'நெப்டூனியா' என்ற கப்பல்கள் ஜெனோவா, நேப்பிள்ஸ், சூயஸ், ஏடன் என்று வந்து, நம் துறைமுகத்தில் நின்று, பிறகு ஃபிரிமாண்டில் போனவை. மாப்பிள்ளையின் பாட்டி உயிரோடு இருந்தால் முதலில் கேட்க வேண்டியது "கொழும்பில் இறங்கினீர்களா?" என்பதுதான், பேச்சுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. காலத்தைக் கணிக்கவும் இது உதவும்: 1967 ஜூனில் சூயஸ் மூடப்பட்டுப் பல வருடம் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின, ஆகவே அதற்குப் பிறகு கப்பலில் வந்தவர் கொழும்பைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நேரம் இருந்தால் கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் கப்பல் வரவுப் பகுதியைப் பார்க்கலாம், அடையாள அட்டையை மறக்க வேண்டாம். ஆளின் பெயர் அங்கே கிடைக்காது, கப்பல் வந்த நாள் கிடைக்கலாம். ஆள் மெல்பேர்னில் இறங்கியிருந்தாலும் ஃபிரிமாண்டில் பயணிகள் பட்டியலையும் பாருங்கள், முதல் துறைமுகம் அதுதான்.

ஊர்ப் பெயர் கைக்கு வந்ததும் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் இருக்கும் இத்தாலிய அரசின் 'அந்தெனாத்தி' (Antenati) தளத்துக்குப் போங்கள், இதுவும் இலவசம். தெற்கில் 1809இலிருந்தும் சிசிலியில் 1820இலிருந்தும் பதிவுகள் தொடங்குகின்றன, எல்லா ஊருக்கும் முழுதாக இருக்காது. அச்சடித்த படிவம், இடைவெளிகளில் பேனா எழுத்து, திகதி இலக்கத்தில் இல்லாமல் எழுத்தில் இருக்கும், ஆகவே இத்தாலிய எண்களும் மாதப் பெயர்களும் பாடமானால் பாதி வேலை முடிந்தது. ஓரத்தில் சின்னதாகக் கிறுக்கியிருப்பதை விடாதீர்கள், பிறந்தவர் பிற்காலத்தில் யாரை, எங்கே கட்டினார் என்பது பல தடவை அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு மகனும் தன் மூத்த பையனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கிற வழக்கத்தால் ஒரு ஊரில் நாலு ஜுசெப்பே ருசோ இருப்பார்கள், தகப்பன் பெயரைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிரிக்கலாம். 'தி அந்தோனியோ' என்றால் தகப்பன் அப்போது உயிரோடு இருக்கிறார், 'ஃபூ அந்தோனியோ' என்றால் இறந்துவிட்டார்.

தாத்தா 1930இல் பிறந்தவர் என்றால் அவர் பதிவு பெரும்பாலும் இணையத்தில் இருக்காது, ஊர்ச்சபைக்கே மின்னஞ்சல் போட வேண்டும். இத்தாலிய மொழியில், சுருக்கமாக, பெயர், திகதி, தாய் தகப்பன் பெயரோடு எழுதுங்கள், முடிந்தால் மாப்பிள்ளை பெயரிலேயே போகட்டும், உறவில்லாத ஆளுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். பதில் வர மாதக்கணக்காகலாம். ஓகஸ்ட்டில் மட்டும் அனுப்பாதீர்கள், பாதி இத்தாலி லீவில் கடற்கரையில் இருக்கும்.