நீலக்கல்லின் நிறத்தைத் தரம் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

எடையும் வெட்டும் சுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு நீலக்கற்களில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலைக்குப் போகும். வித்தியாசம் நிறத்தில் இருக்கிறது. அந்த நிறத்தைப் பார்க்கப் பழகும்போது பெரும்பாலோர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: கல் எவ்வளவு கருத்திருக்கிறதோ அவ்வளவு உயர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கருமை வேறு, நிறச்செறிவு வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தச் செய்முறையின் நோக்கம்.

நீலக்கல்லை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திட்டுத் திட்டாகப் படியும் நிறம், பார்க்கும் திசைக்கேற்ப மாறும் நிறம், விளக்குக்கு விளக்கு மாறும் நிறம் என்று நிறம் சம்பந்தமான சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரே கல்லில் வந்துவிடும். இதில் பழகிய கண்ணுக்கு மாணிக்கமும் மரகதமும் எளிது.

தேவையானவை

மேசை விளக்கு ஒன்று, அதில் 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான வெள்ளை எல்.இ.டி. பல்பு. பல்பின் சி.ஆர்.ஐ. எண் (நிறங்களைப் பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண்) 90-க்குக் குறையக் கூடாது, 95 இருந்தால் நல்லது. இந்த எண் எட்டு மங்கலான நிறங்களை வைத்துப் போடும் சராசரி என்பதால், அடர்நீலத்தை அந்தப் பல்பு எப்படிக் காட்டும் என்பதை அது சொல்லாது. விவரத்தாளில் ஆர்12 என்ற தனி எண் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள், நீலத்துக்கான எண் அது. மாணிக்கம் பார்ப்பவர்களுக்கு ஆர்9.

இதோடு 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்று, பளபளப்பில்லாத வெள்ளை அட்டை, சாம்பல் அட்டை, வெள்ளைப் பீங்கான் கிண்ணம், கல் பிடிக்கும் ட்வீசர், 10 மடங்கு லென்ஸ், பஞ்சு ஒட்டாத துணி. ஒப்பிட்டுப் பார்க்க வெவ்வேறு நீலத்தில் நான்கைந்து கற்கள் வேண்டும். இயற்கைக் கல் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். வெர்னாய் முறையில் உருக்கிச் செய்த செயற்கை நீலக்கற்கள் மலிவாகக் கிடைக்கும். அவையும் இயற்கை நீலக்கல்லின் அதே கனிமமான குருந்தம்தான், ஒளியை வளைக்கும் அளவும் அதேதான், ஆகவே ஒப்பீட்டுக்குத் தாராளமாகப் போதும். வெளிர், நடுத்தரம், கருநீலம், சாம்பல் கலந்தது, பச்சை கலந்தது என்று பார்த்து வாங்குங்கள்.

படி 1: வெளிச்சத்தைச் சரிசெய்தல்

விளக்கைக் கல்லுக்கு மேலே சுமார் 25–30 செ.மீ. உயரத்தில் வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். பச்சைச் சுவர், சிவப்பு மேசைவிரிப்பு, நீங்கள் போட்டிருக்கும் வண்ணச் சட்டை எல்லாமே கல்லின் பட்டைகளில் பிரதிபலிக்கும். வெள்ளை அல்லது சாம்பல் உடையே நல்லது.

வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள் என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பாடங்களில் சொல்வதுண்டு. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்பது அதற்கு அடிப்படை. நம் பக்கம் அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். இலங்கையில் அந்தக் காலம் இன்னும் நீளம். எனவே இயற்கை வெளிச்சத்தில் பார்ப்பதென்றால், எந்தத் திசையானாலும் நேர் வெயில் படாத நிழலில், காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் பாருங்கள். நேர் வெயிலில் எந்தக் கல்லும் மினுக்கும். மாலை வெயிலில் நீல ஒளி குறைவு, அந்நேரத்தில் நல்ல நீலமும் சோர்ந்து தெரியும்.

கடைகளின் கூர்மையான குளிர்வெள்ளை எல்.இ.டி. ஸ்பாட் விளக்குகள் நீலக்கல்லுக்குச் சாதகமானவை. அந்த ஒளியில் 450 நானோமீட்டர் அருகே நீலம் தூக்கலாக இருக்கும். அங்கே பார்த்த நிறத்தை வைத்து விலை பேசாதீர்கள். கல்லை வாசல் பக்கம் எடுத்துவந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள், நல்ல வியாபாரி மறுக்கமாட்டார்.

படி 2: கல்லைத் துடைத்து வைத்தல்

விரலின் எண்ணெய்ப் பசை கல்லின் அடிப்பகுதியில் ஒட்டினால் ஒளி திரும்பி வருவது குறைந்து, கல் மங்கும். துடைத்த பிறகு ட்வீசரில் மட்டும் எடுங்கள். மேல்பட்டை உங்களைப் பார்க்குமாறு வெள்ளை அட்டையில் வையுங்கள். கண்ணுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு சாண் தூரம் போதும். இந்தக் கட்டத்தில் லென்ஸ் வேண்டாம். நிறம் பார்ப்பது வெறுங்கண்ணால்தான்.

வைரம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.யின் டி முதல் இசட் வரையிலான அளவுகோலில் வைரத்தைக் கவிழ்த்து வைத்து, அடிப்பகுதி வழியாக நிறம் எவ்வளவு இல்லை என்று பார்ப்பார்கள். நிறக்கற்களில் முறை நேர்மாறு. நகையில் கல் எப்படித் தெரியுமோ அப்படியே முகம் மேலே இருக்க, நிறம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

படி 3: சாயல் எது?

கல்லை முன்னும் பின்னும், இடமும் வலமும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பட்டைகள் பளிச்சிடும்போது தெரிகிற நிறத்தை மட்டும் கவனியுங்கள். நீலத்தோடு எது கலந்திருக்கிறது? ஊதாவா, பச்சையா? ரத்தினச் சோதனைக்கூட (லேப்) அறிக்கைகளில் இதை ஹியூ என்பார்கள். சுத்த நீலமும், கொஞ்சம் ஊதா சாய்ந்த நீலமும் சந்தையில் உயர்ந்தவை. பச்சை கலக்கக் கலக்க விலை இறங்கும்.

பச்சை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கண் அதைச் சீக்கிரம் பிடித்துவிடும். நீலக்கல்லின் நிறம் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து உண்டாக்குவது. இரும்பு அதிகமானால் பச்சையும் கருமையும் ஏறும். ஆஸ்திரேலியா, தாய்லாந்தின் காஞ்சனபுரி போன்ற எரிமலைப் பாறைப் பகுதிக் கற்களில் இதைப் பார்க்கலாம். இரண்டாவது காரணம் வெட்டு. குருந்தப் படிகத்தின் அச்சு வழியே பார்த்தால் ஊதா சாய்ந்த நீலம் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் பச்சை சாய்ந்த நீலம் தெரியும். எடை குறையாமல் இருக்க வேண்டும் என்று அச்சைக் கவனிக்காமல் மேல்பட்டையை வைத்தால், பச்சை முகத்துக்கு வந்துவிடும். மேலே நல்ல நீலமாக இருக்கும் கல்லை விளிம்பு வழியாகப் பாருங்கள். பச்சை எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டாம், அது கல்லின் இயல்பு. முகத்தில் தெரியாதவரை குறையில்லை.

படி 4: கருமை எவ்வளவு?

இதற்கு டோன் என்று பெயர். ஜி.ஐ.ஏ. முறையில் 0 நிறமற்றது, 10 கருப்பு. நடைமுறையில் நிறக்கற்கள் 2 முதல் 8-க்குள் வரும். 3 வெளிர், 5 நடுத்தரம், 6 நடுத்தரக் கருமை, 7 கருமை, 8 மிகுந்த கருமை.

சுலபமான வழி: கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். நிறம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். ஒப்பீட்டுக் கற்களைப் பக்கத்தில் வைத்து, எதற்கும் எதற்கும் இடையில் வருகிறது என்று தீர்மானியுங்கள். பிறகு இடம் மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். இடப்பக்கம் இருக்கும்போது ஒரு மாதிரியும் வலப்பக்கம் இருக்கும்போது வேறு மாதிரியும் தெரிவது வழக்கமான ஏமாற்றம்.

அளவையும் கணக்கில் எடுங்கள். ஒரே கச்சாக் கல்லிலிருந்து வெட்டினாலும் பெரிய கல்லில் ஒளி கடக்கும் தூரம் கூடுதல், அதனால் அது கருமையாகத் தெரியும். சின்னது வெளுத்திருக்கும். 5 கேரட்டில் மை போலக் கருத்துவிடும் சரக்கு, பொடிக்கற்களாக வெட்டும்போது அழகான நீலமாக வருவது இதனால்தான்.

படி 5: செறிவு

முழுச் செய்முறையிலும் கடினமான படி இது. விலையைத் தீர்மானிப்பதும் இதுதான். செறிவு என்பது நிறம் எவ்வளவு தூய்மையாக, உயிரோடு இருக்கிறது என்பது. 1 முதல் 6 வரை எண் கொடுப்பார்கள். 1 முதல் 3 வரை நீலத்தில் சாம்பல் கலந்திருக்கும், 4-இல் சாம்பல் போய்விடும், 5 வலுவானது, 6 மிகத் துடிப்பானது. சிவப்பு, மஞ்சள் போன்ற வெம்மை நிறங்களில் சாம்பலுக்குப் பதில் பழுப்பு கலக்கும்.

சாம்பல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அதற்குத்தான் சாம்பல் அட்டை. கல்லை அதன்மேல் வையுங்கள். அட்டையோடு கல் ஒட்டிப்போவது போலத் தோன்றினால் செறிவு குறைவு. அட்டையிலிருந்து துள்ளி வெளியே வந்தால் அதிகம். முதலில் வெளிர் கற்களில் பழகுங்கள், சாம்பல் கலப்பு அங்கே எளிதில் தெரியும். பிறகு கருநீலத்துக்கு வாருங்கள்.

முதலில் சொன்ன குழப்பம் தீர்வது இங்கேதான். டோன் கூடும்போது ஒரு எல்லை வரை செறிவும் கூடும், அதைத் தாண்டினால் இறங்கும். நீலத்துக்கு அந்த உச்சம் நடுத்தரக் கருமையை ஒட்டி, 6-க்குப் பக்கத்தில் இருக்கிறது. 8-க்குப் போன கல்லில் நீலம் பட்டை ஓரங்களில் மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் கருப்பு. டோன் 5, செறிவு 5 உள்ள கல்லுக்கும் டோன் 8, செறிவு 3 உள்ள கல்லுக்கும் இடையே தயங்கினால் முதலாவதை எடுங்கள். மஞ்சள் புஷ்பராகத்துக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். மஞ்சள் வெளிர் டோனிலேயே உச்சம் தொட்டுவிடும், அதற்குமேல் கருத்தால் பழுப்புதான் வரும்.

நீலத்தைத் தொடர்ந்து உற்றுப் பார்த்தால் கண் அதற்குப் பழகி, அடுத்து வரும் கல் சப்பென்று தெரியும். ஒரு கல்லுக்குச் சில வினாடிகள், பிறகு அரை நிமிடம் சாம்பல் அட்டையில் பார்வை. வரிசையில் இருபதாவதாக வந்ததாலேயே நல்ல கல் ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது. வயதாகும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீலத்தைக் கொஞ்சம் வடிகட்டிவிடும், ஆகவே அறுபதைத் தாண்டியவர்கள் ஒப்பீட்டுக் கல் இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம்.

படி 6: முகத்தில் நிறம் எவ்வளவு பரப்பில்?

கல்லின் முகத்தை மூன்றாகப் பிரித்துக் குத்துமதிப்பாகச் சதவீதம் போடுங்கள்: நல்ல நிறத்தோடு ஒளிரும் பகுதி, கருப்படித்த பகுதி, நடுவில் வெறிச்சென்று தெரியும் பகுதி. கடைசியாகச் சொன்னதை விண்டோ என்பார்கள். அச்செழுத்துள்ள தாளின்மேல் கல்லை வையுங்கள். எழுத்து கல் வழியாகத் தெரிகிற இடம்தான் விண்டோ. அடிப்பகுதி ஆழமில்லாமல் வெட்டியதால் ஒளி திரும்பாமல் கீழே போய்விடுகிறது. சாயலையும் செறிவையும் தீர்மானிக்கும்போது கருப்படித்த பகுதியையும் விண்டோவையும் விட்டுவிடுங்கள். விலை பேசும்போது விடாதீர்கள்.

படி 7: நிறம் எங்கே படிந்திருக்கிறது?

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கவிழ்த்துப் போடுங்கள். பக்கவாட்டிலும் பாருங்கள். நீலக்கல்லில் நிறம் நேர்கோட்டு வரிகளாக, அறுகோண மூலைகளோடு படியும். இலங்கைக் கற்களில் உடம்பெல்லாம் வெளுத்து, ஒரே ஒரு நீலத் திட்டு இருப்பது சகஜம். அந்தத் திட்டு அடிக்கூரில், அதாவது கல்லின் கீழ்முனையில், வருமாறு வெட்டினால், மேலிருந்து பார்க்க முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். இது மோசடி இல்லை, தேர்ந்த கைவேலை. ஆனால் அப்படிப்பட்ட கல்லை மறுபடி பட்டை தீட்டக் கொடுத்தால் அடிக்கூரோடு நிறமும் போய்விடும்.

தண்ணீரில் நிறம் பட்டை ஓரங்களை மட்டும் பின்பற்றிக் கோடு வரைந்ததுபோல் தெரிந்தால் உஷாராகுங்கள். வெப்பத்தில் டைட்டானியத்தை மேற்பரப்பில் ஊடுருவச் செய்த கல்லின் அடையாளம் அது. அந்த நிறம் தோல் ஆழம்தான். சாதாரணமாகச் சூடுபடுத்திய கல் வேறு. பால் போல வெளுத்த இலங்கைக் கெவுடாக் கற்களை 1970-களிலிருந்து தாய்லாந்தில் உயர்வெப்பத்தில் சுட்டு நீலமாக்கி வருகிறார்கள், அந்த நிறம் உள்வரை இருக்கும். சுட்டதா சுடாததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு லேப் சோதனை வேண்டும்.

படி 8: மஞ்சள் பல்பு

வெள்ளை விளக்கை அணைத்து 2700 கெல்வின் பல்பில் அதே கல்லைப் பாருங்கள். சில கற்கள் ஊதாவுக்குச் சாயும், சில சாம்பலாகும், சில கருத்துப் போகும். நீலம் கலையாமல் நிற்கும் கல் அரிது, கல்யாண மண்டபத்திலும் வீட்டிலும் போட்டுக்கொள்ளும் நகைக்கு அது முக்கியம்.

படி 9: குறித்து வைத்தல்

ஒரு வரி போதும். மாதிரிக்கு: "1.52 கேரட், நீள்வட்டம். மிகக் குறைந்த ஊதா சாய்ந்த நீலம், டோன் 6, செறிவு 4. நிறப்பரப்பு 65%, கருப்பு 25%, விண்டோ 10%. அடிக்கூரில் திட்டு. மஞ்சள் பல்பில் லேசான சாம்பல்." போன் படம் இதற்கு ஈடாகாது, கேமரா வெள்ளையைத் தானாகச் சரிசெய்து நீலத்தை மாற்றிவிடும்.

ராயல் ப்ளூ, கார்ன்ஃப்ளவர் போன்ற சந்தைப் பெயர்களை உங்கள் குறிப்பில் எழுதாதீர்கள். ஒரு லேப் ராயல் ப்ளூ என்று கொடுக்கும் கல்லுக்கு இன்னொரு லேப் அந்தப் பெயரைக் கொடுக்க மறுக்கலாம், எல்லையை அவரவர் வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் பெயர் இருந்தால், கொடுத்த லேபின் பெயரோடு சேர்த்தே குறியுங்கள்.

ஒரு வாரம் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல், கற்களைக் கலைத்துப் போட்டு மறுபடி எண் கொடுங்கள். டோனில் ஒரு எண் வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. இரண்டு வந்தால் பல்பையும் சுற்றுப்புறத்தையும் சரிபாருங்கள். எல்லாக் கற்களும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது. சில கற்கள் மட்டும் இங்குமங்கும் தாவியிருந்தால் கண் களைத்த நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள், அந்தக் கற்களை மட்டும் காலையில் தனியாக எடுத்துப் பாருங்கள்.