கழுத்து வலியோடு கை விறைக்கிறதா? முதலில் விரலைப் பாருங்கள்

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கழுத்து வலி புதிதல்ல. அதோடு கையும் விறைத்தால் 'நரம்புத் தளர்ச்சி' என்று விட்டமின் குளிசை வாங்கிப் போடுவதுதான் வழக்கம். ஆனால் கழுத்து வலிக்கும் கை விறைப்புக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. எந்த விரல், எந்த நேரம், ஒரு கையா இரு கையா, என்ன செய்தால் குறைகிறது என்று மூன்று நாள் கவனித்துக் குறித்து வையுங்கள்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி விறைத்து, நடு இரவில் எழுப்பிவிட்டு, கையை உதறினால் குறைகிறதா? பெரும்பாலும் மணிக்கட்டில்தான் நரம்பு நசுங்குகிறது. கொழுந்து கிள்ளுவதும் கவ்வாத்துக் கத்தியை இறுக்கிப் பிடிப்பதும் இதைக் கிளப்பும். கர்ப்பம், தைரொயிட் குறைவு, சீனி வியாதி ஆகியவற்றிலும் வரும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க, ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதே விரல்கள் விறைத்தால் சந்தேகம் வலுக்கிறது. இரவில் மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டி ஆறு வாரம் போட்டுப் பாருங்கள். இறுக்கிக் கட்டினாலோ மணிக்கட்டு மடிந்திருந்தாலோ பலன் இல்லை.

கழுத்தெலும்புகளுக்கு இடையே நரம்பு வெளியே வரும் இடமான நரம்பு வேர் நசுங்கினால் கதை வேறு. தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து கை வழியே கரண்ட் அடித்தாற்போல் வலி இறங்கும். அண்ணாந்து பார்த்தாலோ வலிக்கும் பக்கம் திரும்பினாலோ கூடும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சிலருக்குக் குறையும். கழுத்தில் மேலிருந்து எண்ணி ஆறாம் வேர் என்றால் பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்கும், ஏழாம் வேர் என்றால் நடுவிரல், எட்டாம் வேர் என்றால் சுண்டுவிரல் பக்கம். பலருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் தானே தணியும். அதுவரை கூடையை நிரம்பவிடாமல் அடிக்கடி கொட்டுங்கள். மழையில் நனைந்த கொழுந்து இன்னும் கனம். படுத்தே கிடக்க வேண்டாம். இரண்டு தலையணை அடுக்கிப் படுக்கவும் வேண்டாம். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதற்கு மட்டும் ஒருபோதும் இணங்காதீர்கள்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் என்றால் முழங்கையையும் பாருங்கள். ஃபோனைக் காதில் வைத்தபடியோ கையை மடக்கித் தூங்கியோ வருவது இது. இரவில் முழங்கையில் துவாயைத் தளர்வாகச் சுற்றினால் மடங்காது.

விறைப்பு இரண்டு பாதங்களில் தொடங்கிக் கைக்கு வந்திருந்தால் சீனியைச் சோதியுங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால், மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். மெட்ஃபோமின் பல வருடம் குடிப்பவர்களுக்கும் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் விட்டமின் பி12 குறைந்தும் இப்படி விறைக்கலாம். நுவரெலியாக் குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அது இரத்தக் குழாய் சுருங்குவது; கழுத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தாமதிக்கக் கூடாதது முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, கழுத்தில் நசுங்குவது. வலி அதிகமில்லாமலேயே வரும் என்பதுதான் ஆபத்து. சட்டைப் பொத்தான் போட முடியாது, கையிலிருந்து பொருள் நழுவும், லயத்துப் படிகளில் கால் தடுமாறும். பத்து வினாடியில் கையை முழுதாக மூடித் திறந்து எண்ணுங்கள். 20 தடவைக்குக் குறைந்தால் தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டால் அன்றே போக வேண்டும்.

திடீரென ஒரு பக்கம் விறைத்து வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு இறுகி வியர்த்து இடது கை வலித்தாலோ உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வண்டி ஏறாத லயம் என்றால் எந்தச் சந்தியில் காத்திருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நோயாளியை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள்.

எக்ஸ்ரேயில் 'தேய்மானம்' என்று எழுதியிருந்தால் அதோடு முடிவு கட்டாதீர்கள். நாற்பது தாண்டிய பலருக்கு வலியே இல்லாமலும் அது தெரியும். குறித்து வைத்த விரல் கணக்கை டொக்டரிடம் காட்டி, நரம்பு வழியே சைகை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை தேவையா என்று கேளுங்கள்.