டூப்ளெக்சர் ட்யூனிங்: திருகைத் தொடும் முன் கேபிளைப் பாருங்கள்

2 மீட்டர் ஹாம் ரேடியோ ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) அனுப்பும் அலைவரிசைக்கும் கேட்கும் அலைவரிசைக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். 50 வாட் ட்ரான்ஸ்மிட்டர் என்றால் +47 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). ரிசீவர் பிடிக்க வேண்டிய சிக்னலோ −116 டிபிஎம் பக்கம். ஒரே ஆன்டெனாவில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்ய, இரண்டையும் பிரிக்கும் வடிகட்டியான டூப்ளெக்சர் 80 முதல் 90 டெசிபெல் வரை தடுத்தாக வேண்டும். ட்யூனிங்கில் சிரமமான வேலை திருகு திருப்புவதல்ல. அளக்கும்போது சிக்னல் கேவிட்டிக்குள் (டூப்ளெக்சரின் உலோக வடிகட்டிக் குடுவை) போகாமல் வெளியே சுற்றிக்கொண்டு போகிறதே, அதை அடைப்பதுதான்.

ஆறு கேவிட்டி கொண்ட பாஸ்-ரிஜெக்ட் (ஒரு அலைவரிசையை விட்டு இன்னொன்றைத் தடுக்கும்) வகையை வைத்துச் சொல்கிறேன். வண்டியில் வைக்கும் மொபைல் ரேடியோவுக்கு வரும் தட்டையான சின்ன டூப்ளெக்சர் 600 கிலோஹெர்ட்ஸுக்குச் சரிவராது, வாங்காதீர்கள்.

கேபிள்

மேசையில் கிடக்கும் ஆர்ஜி-58 துண்டுகளை ஒதுக்கி வையுங்கள். அதில் ஒற்றைப் பின்னல்தான், அதன் வழியே கசியும். இரட்டைக் கவசம் உள்ள ஆர்ஜி-223 அல்லது ஆர்ஜி-400 போதும். என் ஓட்டு ஆர்ஜி-400-க்கு, சால்டரிங் சூட்டில் உருகாது. கனெக்டர் என்-டைப் இருக்கட்டும். அடாப்டர் மேல் அடாப்டர் போட்டு நீட்டாதீர்கள்.

கசிவை அளப்பது

நேரம் அதிகம் விழுங்குவது இந்தப் படிதான், பொறுமையாகச் செய்யுங்கள். நானோ விஎன்ஏவை (சிக்னல் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் சின்ன அளவி) கேபிள்களோடு சேர்த்தே காலிபரேட் செய்யுங்கள். பிறகு இரண்டு கேபிள் முனைகளிலும் 50 ஓம் லோடு மாட்டி, டூப்ளெக்சர் போர்ட்டுகள் இருக்கும் அதே இடத்தில் வையுங்கள். டூப்ளெக்சரே இணைப்பில் இல்லை. இப்போது திரையில் எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து மறு போர்ட்டுக்குப் போகும் சிக்னல்) காட்டும் அளவுதான் உங்கள் அடித்தளம். அது −70-ல் நிற்கிறது என்றால், −90 டெசிபெல் நாட்ச் (தடுக்கும் அலைவரிசையில் விழும் குழி) உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு திருகினாலும் கோடு −70-க்குக் கீழே இறங்காது.

இதைவிட மோசம் இன்னொன்று. கசிந்த சிக்னலும் கேவிட்டி வழியே வந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், தவறான அலைவரிசையில் அழகான ஆழமான குழி தெரியும். அதை நம்பிப் பூட்டினால் ரிப்பீட்டரில் மாட்டியதும் குட்டு வெளிப்படும்.

ஒரு எளிய சோதனை: குழியின் அடியைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். கோடு ஆடினால் கசிவு இருக்கிறது. கனெக்டரை இறுக்குங்கள், இரண்டு கேபிளையும் தள்ளி வையுங்கள், அப்புறம் மறுபடி பாருங்கள்.

கேவிட்டி ஒவ்வொன்றாக

நானோ விஎன்ஏ அளக்கக்கூடிய எல்லை 300 மெகாஹெர்ட்ஸ் வரை சுமார் 70 டெசிபெல்தான். ஆனால் ஒரு கேவிட்டி தருவது தோராயமாக 30. அதனால் இணைப்புக் கேபிள்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனியாக ட்யூன் செய்யுங்கள். கேவிட்டியின் இருபுறமும் 6 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) மாட்டினால் அளவு நிலையாக இருக்கும்.

உள்ளே வருவது 145.000, வெளியே போவது 145.600 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ரிசீவர் பக்க மூன்றும் 145.000-ஐ விட வேண்டும், 145.600-ஐத் தடுக்க வேண்டும். ட்ரான்ஸ்மிட்டர் பக்கம் இதற்கு நேர்மாறு. ட்ரான்ஸ்மிட்டரின் இரைச்சல் 145.000-லும் வழியும், அதை அங்கேயே நிறுத்தத்தான்.

முதலில் கேவிட்டியின் ட்யூனிங் கம்பியை நகர்த்தி பாஸ் (விட வேண்டிய அலைவரிசை), பிறகு ட்ரிம்மரைத் திருப்பி நாட்ச். ஒன்று மற்றதை இழுக்கும், அதனால் மாறி மாறிச் செய்யுங்கள். பூட்டு நட்டை இறுக்கும்போது நாட்ச் நகரும். திரையைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள்.

பழைய இணைப்புக் கேபிள்களையே திரும்ப மாட்டுங்கள். அவற்றின் நீளம் கணக்குப் போட்டு வெட்டியது.

கடைசிச் சோதனை

முழு ஆழத்தை விஎன்ஏவில் தேடாதீர்கள், ரிசீவரிடமே கேளுங்கள். ஆன்டெனா போர்ட்டில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை உள்வாங்கும் லோடு) மாட்டி, பலவீனமான சிக்னல் ஒன்றை ரிசீவருக்குக் கொடுங்கள். ட்ரான்ஸ்மிட்டர் ஆன் ஆகும்போது இரைச்சல் கூடக் கூடாது.

பின்சேர்க்கை: டம்மி லோடில் சுத்தமாக இருக்கிறது, ஆன்டெனா மாட்டினால் இரைகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படியானால் டூப்ளெக்சரைத் தொடாதீர்கள், கோளாறு மேலே ஆன்டெனாவிலோ அதற்குப் போகும் ஃபீடர் கேபிளிலோ இருக்கிறது. எல்எம்ஆர்-400 கேபிள் போட்டிருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். அதன் அலுமினிய ஃபாயிலும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் உரசும் இடத்தில் இரைச்சல் பிறக்கும். ரேடியோவுக்கும் டூப்ளெக்சருக்கும் இடையே ஓடும் ஜம்பருக்கும் இதே விதிதான், அங்கே ஆர்ஜி-214 அல்லது ஆர்ஜி-400 போடுங்கள்.