சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்களும் குறைப்பிரசவமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் செல்களின் மேலும் கிருமிகளின் மேலும் நுண்ணிய சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்தான் லெக்டின்கள். நஞ்சுக்கொடியில் கேலக்டின் என்ற வகை உண்டு. வயிற்றுப் பிள்ளையில் பாதி அப்பாவின் மரபு அல்லவா? அதைத் தாயின் எதிர்ப்புச் சக்தி தாக்காமல் பார்த்துக்கொள்வதில் கேலக்டின்-1க்குப் பங்கு இருக்கிறது.

இதைக் கேட்டதும் டீயில் சர்க்கரையை நிறுத்திப் பயனில்லை. கர்ப்பகால ரத்தச் சர்க்கரை வேறு கணக்கு. அதற்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

வீடியோ பார்த்துவிட்டு, 'பயறில் லெக்டின் இருக்கிறதாம்' என்று மொச்சையையும் அவரையையும் ஒதுக்குகிறவர்களும் உண்டு. ஊறவைத்து நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்த லெக்டின் செயலிழந்துவிடும். தர்மபுரிப் பக்கம் களிக்கு மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் கர்ப்பிணியை யாரும் பயமுறுத்த வேண்டாம்.

கேலக்டின்-13 ஆரம்ப மாதங்களில் குறைவாக இருந்தால் பிற்பாடு ரத்த அழுத்தக் கோளாறு வரக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது முற்றினால் 37 வாரத்துக்கு முன்பே பிள்ளையை எடுக்க நேரிடும். அதற்காக லேப் லேபாக அலையாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் பி.பி.யும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்துக்கொண்டாலே போதும்.

இனி பெரிய தவறுக்கு வருவோம். பிள்ளையின் நுரையீரல் முதிரும்போது எஸ்பி-ஏ என்ற சர்க்கரை பிடிக்கும் புரதத்தைப் பனிக்குட நீரில் விடுகிறது. எலிகளில் பிரசவம் தொடங்க அதுவே சைகை என்று 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தச் சைகை கருப்பையில் ஒருவித அழற்சியைக் கிளப்புகிறது. கிருமித் தொற்றும் அதே போன்ற அழற்சியைத்தான், ஆனால் நேரம் வருமுன்னே கிளப்பிவிடுகிறது. பஸ்ஸில் போகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சிறுநீர் எரிச்சலைச் சொல்லக் கூச்சப்படுவது, இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவது என எல்லாமே தொற்றுக்கு இடம் கொடுக்கும் காரியங்கள்.

எட்டாம் மாதத்தில் இடுப்பு விட்டுவிட்டு வலித்தால், 'சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி' என்பார்கள். சூடாகவே இருக்கலாம்; அதை நர்ஸ் பார்த்துச் சொல்லட்டும். நீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ அஞ்செட்டி மலையில் இருப்பவர்கள் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அப்போதே 108ஐக் கூப்பிட வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால் பிள்ளையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்: டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 முறை. முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். 'ஸ்டீராய்டா, வேண்டாம்' என்று வாசலில் நின்று விவாதிக்கும் மாமாக்கள் தின்பது அந்த ஒரு நாளைத்தான்.